சுத்தம் செய்யத் திறந்த கமரா வேலை செய்யாவிட்டால்: மறுபடி திறப்பதா, டவுன் கடையா, கொழும்பா, வேறு கமராவா?

மலையகத்தில் ஒரு கமராவை நீண்ட காலம் பழுதில்லாமல் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கொடியில் போட்ட துணியே காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் வெயில் அடித்தாலும், டிசம்பரில் வடகீழ் பருவமழை வந்து கணக்கைத் தீர்த்துவிடும். காற்றின் ஈரப்பதன் 60, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிக்குள், தோல் உறையில் போட்டு வைத்த கமராவுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

ஆகவே ஒரு கட்டத்தில் நாமே திறந்து துடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. யூடியூப்பைப் பார்த்தால் பத்து நிமிட வேலை போலத்தான் தெரிகிறது. திறக்கிறோம், ஊதுகிறோம், துடைக்கிறோம், மூடுகிறோம். சுவிட்சைப் போட்டால் கமரா எழும்பவில்லை. அல்லது எழும்பி, லென்ஸ் பாதி வெளியே வந்து கரகரவென்று சத்தம் போட்டு நிற்கிறது. அல்லது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக விழுகிறது.

இந்த நிலையில் நமக்கு ஐந்து வழி உண்டு. மறுபடி நாமே திறந்து பார்ப்பது, டவுனில் உள்ள போன் ரிப்பேர் கடைக்குக் கொடுப்பது, கண்டிக்கோ கொழும்புக்கோ கமரா தெரிந்தவரிடம் அனுப்புவது, அதே மாதிரிப் பழைய கமரா ஒன்றைப் பார்ட்ஸுக்காக வாங்குவது, விட்டுவிட்டு வேறு கமரா வாங்குவது. கமரா விலை கூடியதா குறைந்ததா என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். விலை கூடியது என்றால் கொழும்புக்கு, குறைந்தது என்றால் மேசை லாச்சிக்குள். இது பிழையான அளவுகோல் என்பதுதான் என் எண்ணம். விலை கூடிய கமராவில் வீட்டிலேயே தீரக்கூடிய பழுது வரலாம். மலிவான கமராவில் நாம் கை வைக்கவே கூடாத பழுதும் வரலாம். பழுது எந்த வகை என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தால் காசும் மிஞ்சும், கமராவும் மிஞ்சும்.

எதற்கும் முன்னால் மெமரி கார்டை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் படங்களைக் கணினியிலோ போனிலோ இறக்கி வையுங்கள். கமராவைத் திருத்தக் கொடுக்கும்போது கார்டை அதற்குள் விட்டுக் கொடுக்க வேண்டாம். கமரா போனால் இன்னொன்று வாங்கலாம், தங்கச்சியின் கல்யாணத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது.

திறக்காமலே பார்க்கக்கூடியவை

பழுதைக் கண்ட கையோடு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். வெளியிலிருந்தே நிறையப் பார்க்கலாம்.

கமரா அடியோடு எழும்பவில்லை என்றால் முதலில் பெட்டரி மூடியைப் பாருங்கள். பெரும்பாலான சிறிய கமராக்களில் அந்த மூடி பூட்டியிருக்கிறதா என்று அறிய உள்ளே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். மூடியின் ஓரத்தில் உள்ள ஒரு பிளாஸ்டிக் முள் அதை அமுக்கும். கழற்றிப் பூட்டும்போது அந்த முள் உடைந்தாலோ, உடலின் ஓடு ஒரு நூல் அளவு விலகி உட்கார்ந்தாலோ, மூடி திறந்தே கிடப்பதாகக் கமரா நினைத்துக்கொள்ளும். பொகவந்தலாவை ஆசிரியர் ஒருவரின் கமராவை இப்படித்தான் பார்த்தேன். உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட் எரிந்துவிட்டது என்று யாரோ சொல்லிக் கைவிட்ட கமரா. மூடியை உற்றுப் பார்த்தால் அரிசிமணியில் பாதி அளவு முள் அடியோடு முறிந்திருந்தது. அதே தடிப்பில் பிளாஸ்டிக் துண்டொன்றை வெட்டி ஒட்டியதும் கமரா உயிர் பெற்றது. கார்ட் மூடிக்கும் சில மாதிரிகளில் இதே போன்ற சுவிட்ச் உண்டு.

திரை மட்டும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கிறது, ஷட்டர் சத்தம் கேட்கிறது, கார்டைக் கணினியில் போட்டால் படம் இருக்கிறது என்றால் கமரா நலமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் திரைக்குப் போகும் கேபிள் மட்டும் சரியாக உட்காரவில்லை. திரையில் மெனு தெளிவாகத் தெரிந்தும் படம் கன்னங்கறுப்பாக வந்தால் ஷட்டர் திறக்கவில்லை, அல்லது ஒளியைப் படமாக்கும் சென்சரின் கேபிள் கழன்றிருக்கிறது. படத்தில் ஊதா நிறம், குறுக்குக் கோடுகள் என்றாலும் பெரும்பாலும் அதே சென்சர் கேபிள்தான். கெனன் எஸ்.எல்.ஆர். வகையில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாட்டும் கமரா) ‘எர் 01’ என்று வந்தால் லென்ஸும் உடலும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று பொருள். லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுபுள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். ‘எர் 20’ என்றால் உள்ளே இயங்கும் பகுதி ஏதோ சிக்கியிருக்கிறது. அது துடைப்பதால் தீராது.

படம் மங்கல் என்ற முறைப்பாட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. வீரகேசரியின் நடுப்பக்கத்தை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். கமராவை ஸ்டாண்டில் பூட்டி, சுவருக்கு நேராக நிறுத்தி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையை, முழுதாகத் திறந்து ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கி நான்கு மூலை எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒரே மாதிரி மங்கினால் சென்சர் முன்னோ பின்னோ நகர்ந்திருக்கலாம். இடப்பக்க எழுத்து வாசிக்கக்கூடியதாகவும் வலப்பக்கம் கரைந்தும் இருந்தால் சென்சர் சாய்ந்திருக்கிறது. சாய்ந்தது லென்ஸாகவும் இருக்கலாம். கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள கமரா என்றால் இன்னொரு லென்ஸைப் போட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும். எஸ்.எல்.ஆர். கமராவில் இன்னொன்றையும் பாருங்கள். திரையைப் பார்த்து எடுத்தால் கூர்மை, கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாகப் பார்த்து எடுத்தால் மங்கல் என்றால், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் போக்கஸ் சென்சருக்கும் படச் சென்சருக்கும் இடையிலான ஒத்திசைவு கெட்டிருக்கிறது.

இப்படிப் பார்த்தால் பழுதுகள் மூன்று வகையில் அடங்கும். ஏதோ ஒரு பகுதி வேலை செய்யவே இல்லை என்பது ஒன்று. எல்லாம் வேலை செய்தும் படம் சரியில்லை என்பது இரண்டாவது. எரிந்த மணம், சூடு, பல்சக்கரம் அரைபடும் சத்தம் என்பது மூன்றாவது. முதல் வகைக்கு வீடும் டவுன் கடையும் போதும். இரண்டாவதற்குக் கமரா தெரிந்தவர் வேண்டும். மூன்றாவது வந்தால் பெட்டரியைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை சுவிட்ச் போடுவதும் சேதத்தைக் கூட்டும்.

மறுபடி நாமே திறப்பது

சுத்தம் செய்வதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த கமரா, மூடியதும் ஓடவில்லை என்றால் பழுது அநேகமாக நம் கை பட்ட இடத்திலேயே இருக்கும். அதனால் முதல் வகைப் பழுதுக்கு இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன். செலவே இல்லை என்று சொல்லலாம், நல்ல ஸ்க்ரூ டிரைவர் ஒன்று மட்டும் வேண்டும். ஜப்பான் கமராக்களின் ஸ்க்ரூ தலை நாம் வழக்கமாகப் பாவிக்கும் ஸ்டார் டிரைவருக்கு ஏற்றது போலத் தெரியும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் வழுக்கித் தலை தேய்ந்துபோகும். தலை தேய்ந்த ஸ்க்ரூவுடன் கொண்டுபோனால் அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பார்.

திறந்ததும் பார்க்க வேண்டியது ரிப்பன் கேபிள்களை. இதில்தான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டியின் நுனியில் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள் இருக்கும். அவற்றுக்கு இடையே அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தூரம். பட்டி நுழையும் சொக்கெட்டில் கறுப்பிலோ பழுப்பிலோ ஒரு மெல்லிய தகடு இருக்கும், அதுதான் பூட்டு. சிலவற்றில் அதை நகத்தின் நுனியால் நிமிர்த்த வேண்டும். சிலவற்றில் இரு பக்கமும் பிடித்து ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். பூட்டைத் திறக்காமல் பட்டியைத் திணித்தால் உள்ளே போனது போலவே தெரியும், தொடர்பு இருக்காது. பட்டி சரிந்து உட்கார்ந்தால் ஒரு கோடு அடுத்த முள்ளைத் தொட்டுக்கொண்டிருக்கும். பல பட்டிகளில் நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு அச்சிட்டிருக்கும். பூட்டை மூடிய பிறகு அந்தக் கோடு சொக்கெட்டின் விளிம்போடு இணையாக நின்றால் சரி. ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் தெரிந்தால் மறுபடி திறந்து நேராக்குங்கள். இன்னொரு வகை, பூட்டே இல்லாமல் பட்டன் போல அமுக்கிப் பொருத்துவது. அது விரலுக்கு ஒரு சின்ன ‘டிக்’ கொடுக்கும். அந்த உணர்வு வராவிட்டால் உட்காரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ மாறிப் போடுவதும் பெரிய வம்பு. ஒரே கமராவில் மூன்று நான்கு நீளத்தில் ஸ்க்ரூ இருக்கும். குட்டையானது இருக்க வேண்டிய துளையில் நீளமானதைப் போட்டால் அது உள்ளே போய்ப் போர்டையோ கேபிளையோ குத்தும். வெள்ளைத் தாளில் கமராவின் உருவை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அதே இடத்தில் டேப்பால் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டரி உள்ளே இருக்கும்போது எந்தக் கேபிளையும் தொட வேண்டாம். போர்டில் இருக்கும் மணல்மணி அளவு பியூஸ் அதனால்தான் போகிறது. அப்புறம் நல்ல கேபிள் போட்டாலும் கமரா எழும்பாது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளாஷ் உள்ள எந்தக் கமராவிலும் கறுப்பு உருளை போன்ற கண்டென்சர் ஒன்று இருக்கும். அதில் 300 வோல்ட்டுக்குக் கிட்ட மின்சாரம் சேர்ந்து நிற்கும், பெட்டரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் நிற்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர்கள் பிளாஷ் பக்கத்து ஓட்டைத் திறக்கவே வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனையையும் தொடவைத்து இறக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பொறி போர்டையும் சுட்டுவிடும், கையையும் சுட்டுவிடும். வெளி ஓட்டை முழுதாக மூடாமல் பெட்டரி போட்டுச் சோதிப்பதும் இதே காரணத்தால் கூடாது.

மற்றது, சென்சரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். சிறிய கமராவில் லென்ஸின் பின்புறம் சென்சர் தகட்டை மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். சிலவற்றில் அவற்றின் கீழே குட்டி ஸ்பிரிங்கோ, தாள் போன்ற வளையமோ இருக்கும். ஸ்க்ரூ தலையில் பசைத் துளி வைத்திருந்தால் அது தொழிற்சாலையில் அளந்து நிறுத்திய இடம் என்று புரிந்துகொள்ளுங்கள். மூன்று கல் அடுப்பில் ஒரு கல் தாழ்ந்தால் சட்டி சாய்வது போல, ஒரு ஸ்க்ரூ கால் சுற்று மாறினாலே படத்தின் ஒரு பக்கம் மங்கும். நிக்கோன் எஃப் மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வளையம்) லென்ஸ் பொருந்தும் விளிம்பிலிருந்து சென்சருக்கு 46.5 மில்லிமீட்டர், கெனன் இ.எஃப். மவுண்டில் 44 மில்லிமீட்டர். இந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலே படத்தில் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து அதைச் சரிசெய்ய எவராலும் முடியாது.

ஆக, இந்த வழியின் வரம்பு தெளிவானது. முதல் வகைப் பழுதுக்கு, கேபிளையும் மூடியையும் ஸ்க்ரூவையும் சரிபார்க்க, இன்னும் ஒரே ஒரு தடவை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிளாஸ்டிக் கொக்கிகளும் கேபிள் பூட்டுகளும் தேய்கின்றன. பழுது பிடிபடவில்லை என்றால் அடுத்த வழிக்குப் போய்விட வேண்டும்.

நாளும் பார்த்துத் திறக்க வேண்டும். ஹட்டன் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வெயில் நாளின் நடுப்பகல் நல்லது. ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காற்று வீசும். நுவரெலியாவின் ஜனவரி இரவுக் குளிரில் கிடந்த கமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும். பைக்குள் மூடியபடியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். மழை விடாத ஜூலையில் அவசரப்பட்டுத் திறந்தால் அந்த ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறோம். துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் வேண்டும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், கறை விடும்.

டவுனில் உள்ள போன் ரிப்பேர் கடை

இந்த வழியைப் பலர் மதிப்பதில்லை. ‘போன் செய்பவருக்குக் கமரா என்ன தெரியும்’ என்கிறார்கள். லென்ஸைப் பற்றிப் பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ நல்ல போன் ரிப்பேர்காரர் ஒருவரிடம் மைக்ரோஸ்கோப், சூட்டுக் காற்று இயந்திரம், மெல்லிய சோல்டரிங் முனை எல்லாம் இருக்கும். உடைந்த கேபிள் பூட்டு, பெயர்ந்த சொக்கெட், போன பியூஸ், பெட்டரி முள் கழன்றது எல்லாம் அவருக்குத் தினசரி வேலை. கமராவின் போர்டும் போனின் போர்டும் அந்த அளவில் ஒரே இனம். கொழும்புக்கு அனுப்பினால் ‘போர்ட் முழுதும் மாற்ற வேண்டும்’ என்று சொல்லக்கூடிய பழுதை, இங்கே ஒரு பியூஸை மாற்றி எழுப்பிவிடலாம். காத்திருக்கும் நேரமும் குறைவு, பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார்.

அவரிடம் வேலையை அளவோடு கொடுக்க வேண்டும். எங்கே திறந்தோம், எந்தக் கேபிளைக் கழற்றினோம், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை நேராகச் சொல்லுங்கள். நாம் எடுத்த படிப்படியான படங்களைக் காட்டுங்கள். லென்ஸையும் சென்சரையும் கழற்ற வேண்டாம், துடைக்கவும் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பிளாஷ் கண்டென்சரைப் பற்றியும் சொல்லிவிடுங்கள், போனில் அப்படி ஒன்று கிடையாது. கிழிந்த ரிப்பன் கேபிளை வயர் இழுத்து ஒட்டித் தருகிறேன் என்றால், அகலமான கோடுகள் உள்ள பட்டி என்றால் சரி. சென்சர் கேபிள் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவ்வளவு வேகமாகத் தரவு ஓடும் பாதையில் ஒட்டு வேலை நிற்காது.

எஸ்.எல்.ஆர். கமராவின் ஷட்டர், கண்ணாடிப் பெட்டி, லென்ஸின் உள் மோட்டார் ஆகியவற்றுக்கு இந்தக் கடை பொருந்தாது.

கண்டிக்கு, கொழும்புக்கு

இரண்டாம் வகைப் பழுதுக்கு, அதாவது எல்லாம் வேலை செய்தும் படம் சரியில்லை என்பதற்கு, இதைவிட வேறு வழி இல்லை. சென்சரை நேராக்குவதற்கு அளவுக் கருவியும் அந்த மாதிரிக்குரிய மென்பொருளும் வேண்டும். எஸ்.எல்.ஆர். ஷட்டர் மாற்றுவதும் அப்படித்தான். உள்ளே சென்சரே அசைந்து நடுக்கத்தைச் சமன்செய்யும் மிரர்லெஸ் (உள்கண்ணாடி இல்லாத) கமரா என்றால் வேறு எங்கும் கொடுக்கக் கூடாது. அந்தச் சென்சர் காந்தத்தில் மிதக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் போனாலே இழுக்கும்.

நமக்குக் கஷ்டம் தூரம்தான். ஹட்டனிலிருந்து அவிசாவளை வழியாகப் பஸ்ஸில் போனால் போய்வரவே ஒரு நாள் கழியும். சம்பளமும் போகும். பார்க்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள் என்று இரண்டு பயணம் சேர்ந்தால், சிறிய கமராவுக்கு அந்தச் செலவே கமராவின் பெறுமதியைத் தொட்டுவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் போனில் கதைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிக்குப் பார்ட்ஸ் கையில் இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா? திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு எடுப்பீர்கள்? செய்யாமல் திருப்பி எடுத்தால் அந்தக் காசு என்னாகும்? வேலைக்கு உத்தரவாதம் எத்தனை மாதம்? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடத்துக்கு அனுப்பலாம். ‘கொண்டு வாங்க பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லும் இடத்துக்காக மலை இறங்க வேண்டாம்.

ஏற்கெனவே திறந்த கமரா என்பதை மறைக்கக் கூடாது. முகவரின் சேவை நிலையத்தில் அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உத்தரவாதக் காலம் மீதி இருந்தாலும் அது செல்லாது, சில இடங்களில் திறந்த கமராவை எடுக்கவே மறுப்பார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் தேடும் நேரம் குறையும், கூலியும் குறையலாம். நீர் புகாத கமரா என்றால் ரப்பர் வளையங்களை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை திறந்த பின் பழைய வளையத்தை நம்பி அதை மழையில் நனைக்க முடியாது. மாற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

கூரியரில் அனுப்புவதானால் லென்ஸைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் மூடி போட்டுச் சுற்றி, பெட்டரி கேட்டால் மட்டும் வைத்து, தொடர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். பழுதைத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்தப் பத்திரிகைப் பக்கச் சோதனைப் படத்தையும் அனுப்பினால் திருத்துபவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பார்ட்ஸுக்கு இன்னொரு கமராவா, புதிதாக ஒன்றா

லென்ஸ் அரைபடும் சிறிய கமராவுக்கு, பார்ட்ஸுக்காக இன்னொரு கமரா வாங்குவது நல்ல யோசனை. அந்த லென்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரங்களைத் திருத்த உட்காருவதை விட, அதே மாதிரியின் லென்ஸ் பகுதியைச் சென்சரோடு சேர்த்து அப்படியே மாற்றுவது லேசு. தொழிற்சாலையில் நேராக்கிய சென்சரும் லென்ஸும் ஒன்றாகவே வருவதால் சாய்வுப் பிரச்சினையும் வராது. தேட வேண்டியது லென்ஸ் நன்றாக இருந்து திரை உடைந்த கமராவை, அல்லது சார்ஜர் இல்லை என்று மலிவாக விற்கும் கமராவை. மாதிரி இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் அடுத்த மாதிரியின் கேபிள் வேறாக இருக்கும்.

மலையகத்தில் வாங்கும் பழைய கமராவில் பூஞ்சணத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டறையில் போன் டோர்ச்சை லென்ஸுக்குச் சரிவாகப் பிடியுங்கள். சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் தெரிந்தால் வேண்டாம். ஒரு பழுதுக்காக இன்னொரு பழுதை வீட்டுக்குக் கொண்டுவருவதில் பயன் இல்லை.

எஸ்.எல்.ஆர். உடலுக்கு இந்த வழி அவ்வளவாகச் சரிவராது. அதே விலைக்கு ஓடுகிற பழைய உடலே கிடைத்துவிடும். கெனனும் நிக்கோனும் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால் பழைய எஸ்.எல்.ஆர். உடல்கள் முன்பை விட மலிவாகக் கைமாறுகின்றன. கையில் லென்ஸ்கள் இருப்பவருக்கு அதே மவுண்டில் இன்னொரு உடல் என்பது, ஷட்டர் மாற்றுவதை விடப் பல நேரங்களில் நல்ல கணக்கு.

புதிதாக வாங்குவது கடைசி வழி என்றே நினைக்கிறேன். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதம் 360 வரை போனது. பிறகு 300 அளவுக்கு இறங்கினாலும் பழைய விலை திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. இந்தக் கணக்கில் புதிய கமரா என்பது ஒரு சிறிய ஸ்டூடியோவுக்குக் கல்யாண சீசன் முழுக்க உழைத்த காசு. ஆனால் சில கமராக்களுக்கு இதைத் தவிர வழி இல்லை. கேசியோ 2018இல் சிறிய கமரா செய்வதை நிறுத்திவிட்டது. ஒலிம்பஸ் தன் கமராப் பிரிவை 2021 ஜனவரியில் கைமாற்றிவிட்டது. இப்படிப்பட்ட பழைய மாதிரிகளில் போர்ட் போனால் பார்ட்ஸுக்கு அலைவதை விட்டுவிடலாம். வீட்டுப் படங்கள் மட்டும் எடுப்பவர் என்றால் கையில் இருக்கும் போனே போதும், கமராவுக்காகக் கடன்பட வேண்டாம்.

யாருக்கு எது

நானே முடிவு சொல்வதானால் இப்படிச் சொல்வேன். வீட்டுக்கு ஒரு சிறிய கமரா, திறந்து மூடியதும் எழும்பவில்லை: ஒரு தடவை மறுபடி திறந்து பெட்டரி மூடியையும் கேபிளையும் பாருங்கள், பிறகு டவுன் கடை, அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதே கமராவில் லென்ஸ் அரைபடுகிறது: கழற்றாமல் வைத்துவிட்டு அதே மாதிரிப் பழையதைத் தேடுங்கள், அவசரம் இல்லை. பறவை, காட்சி எடுக்க ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவரின் எஸ்.எல்.ஆரில் ஒரு பக்கம் மங்கல்: முதலில் லென்ஸை மாற்றிப் பாருங்கள், உடல்தான் என்றால் கொழும்புக்கே அனுப்புங்கள், வீட்டில் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவரின் நிலை வேறு. அவருக்குக் கமரா இல்லாத ஒரு கிழமை என்பது கைவிட்டுப்போன வேலை. மஞ்சள் நீராட்டு விழாவையும் கோயில் திருவிழாவையும் யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை ஓடும், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கு அந்த மாதங்கள்தான் வருமானம். அவர் பழுதான உடலைத் திருத்தக் கொடுக்கும் அதே நாளில் பழைய உடல் ஒன்றை வாங்கிவிட வேண்டும். திருந்தி வந்தால் இரண்டாவது கமராவாக இருக்கட்டும். கல்யாண வேலைக்கு ஒரே கமராவை நம்பிப் போவதை இனி விட்டுவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முடிவு வரும்வரை கமராவை அலுமாரியில் போட்டு வைக்க வேண்டாம். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், புகை லென்ஸில் படியும். அரிசிப் பானைக்குள்ளும் வேண்டாம், தூள் உள்ளே போகும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, பெட்டரியைக் கழற்றி வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் பொட்டலம் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும். நீல நிற மணிகளை வாங்கினால் அவை இளஞ்சிவப்பாக மாறும்போது நிறைந்துவிட்டது என்று தெரியும். 110, 120 பாகை சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். ஈரப்பதன் மானி ஒன்றையும் டப்பாவுக்குள் போட்டு, முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.